கறுப்புக் கையும் கொடிப்பாலமும்

மலைப்பாதையை ஒட்டி ஒரு காடு இருந்தது, கண்ணுகளா. ஆழமான பள்ளம் ஒன்று அந்தக் காட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. இந்தப் பக்கம் புல்வெளி, அந்தப் பக்கம் ஆறு. நடுவில் ஒரே ஒரு கொடிப்பாலம்.

அந்தப் பாலத்தைக் காத்து வந்தது ஒரு கரடி. கோடைக்கு முன்பே நைந்த கொடிகளை அவிழ்த்துப் புதுக்கொடி கட்டும். கரையான் ஏறாமல் இருக்க, மரப்பிசினில் கரியைக் குழைத்துப் பூசும். அதனால் அதன் கைகள் எப்போதும் பிசுபிசுவென்று கறுத்திருக்கும்.

பாதையோரம் லாரி பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே போய்வந்த கிளி, "கிரீஸ் கையோட நிக்கிற ஆளை அங்கே மெக்கானிக்னு கூப்பிடறாங்க" என்றது.

அவ்வளவுதான். "ஏ மெக்கானிக், தள்ளிப் போ! என் தோகையில ஒட்டிக்கும்" என்று முகம் சுளித்தது மயில். கரடி அதைக் காதில் வாங்காது. வேலையைப் பார்க்கும்.

அந்தக் கோடையில் காட்டுத்தீ வந்தது. கடவுள் புண்ணியத்தில் கரடி கட்டிய பாலம் அறாமல் தாங்கியது; எல்லா உயிர்களும் அதைக் கடந்து பிழைத்தன.

மறுநாளே பேச்சு மாறிவிட்டது. "மெக்கானிக் ஐயா, வாங்க, நிழல்ல உட்காருங்க" என்று மயிலே எழுந்து நின்றது. போகப் போக, பெரியவர் என்றாலே மெக்கானிக் என்றாயிற்று. புலியும் மெக்கானிக். சும்மா சுருண்டு கிடந்த மலைப்பாம்பும் மெக்கானிக்.

நரி வந்து குழைந்தது. "ஐயா, புலிக்கு இருக்கிற பேரு உங்களுக்கும் இருக்கு. புலி கையில என்னைக்காவது பிசின் பார்த்திருக்கீங்களா?"

கரடிக்கு வெட்கமாகிவிட்டது. சுனைக்குப் போய்க் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது. அதன்பின் பாலத்தின் பக்கமே போகவில்லை.

அடுத்த கோடை நெருங்கியது. அணில் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"மாமா, நடுக்கொடியைக் கரையான் அரிச்சிருக்கு!"

"வேற யாராவது பார்ப்பாங்க, போ."

"வேற யாரு மாமா? குரங்குகிட்ட கேட்டேன். 'நான் மெக்கானிக்டா, கொடி கட்டற ஆளா?'ன்னு சிரிக்குது."

"சரியாத்தானே சொல்லியிருக்கார்" என்று கரடி கண்ணை மூடிக்கொண்டது.

மறுபடியும் தீ வந்தது. முதலில் மான்கள் பாலத்தில் ஏறின. அவற்றின் பின்னால் கரடியின் குட்டி ஓடியது. நடுவில் போகும்போது கொடி அறுந்தது. மான்கள் பள்ளத்தில் விழுந்தன. அறுந்த கொடியின் நுனியில் குட்டி மட்டும் தொங்கியது.

"ஐயோ, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க!" என்று முயல் அலறியது.

கரையில் நின்றவர்கள் எல்லாருமே மெக்கானிக்தான். ஒருவருக்கும் ஒரு முடிச்சுப் போடத் தெரியவில்லை.

கரடி பாய்ந்து கொடியைப் பற்றி இழுத்தது. வேலை மறந்து மென்மையாகிப் போன உள்ளங்கை கிழிந்தது. ரத்தத்தில் கொடி வழுக்கியது.

"அப்பா!"

அப்புறம் சத்தமே இல்லை.

மழை வந்து தீ அணைந்தபோது மிஞ்சியவை கொஞ்சம்தான். கரடி திரும்பவும் பிசினைக் குழைத்தது. ஐயா என்று கூப்பிடவும் ஆளில்லை, ஏ என்று கூப்பிடவும் ஆளில்லை.

இப்போதும் அந்தக் காட்டில் மிஞ்சியவற்றின் குட்டிகள் விளையாடும்போது, கூப்பிட்டும் வராதவனை "போடா மெக்கானிக்" என்று திட்டுகின்றன. அது காதில் விழும்போதெல்லாம், கரடி தான் கட்டிய முடிச்சையே திரும்பவும் இறுக்குகிறது.

நீதி: பேர் எவ்வளவு உயர்ந்தாலும், அந்தப் பேரைத் தந்த வேலையிலிருந்து கையை எடுக்காதே.