தூணோரத்து இலை

"மலைமேல் போய்த் தனியாக இருந்துவிடுகிறேன் அம்மா. உத்தரவு கொடுங்கள்" என்றார் திருமேனி.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. மடத்துக்கு வந்து ஆறு வருடமாகிறது. மடத்தின் தலைவி செவ்வந்தியம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர்.

இங்கே என்ன குறை என்று அம்மை கேட்டார்.

திருமேனி தயங்கித் தயங்கிச் சொன்னார். நாலு பேர் கூடிய இடத்துக்குள் நுழைந்தாலே நாக்கு உலர்ந்துவிடுகிறது. தம்ளரை எடுத்தால் தண்ணீர் சிந்துகிறது. தன் நடை தனக்கே கோணலாகத் தெரிகிறது. தன் குரல் தன் காதிலேயே பிசிறடிக்கிறது. அதனால் பந்தி முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு, ஆறிப்போன சோற்றை அடுக்களை மூலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

"எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் அம்மா."

"யார் யார்?"

திருமேனி யோசித்தார். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

"தலை நிமிர்ந்தால்தானே தெரியும்" என்றார் மெதுவாக.

அம்மை தடுக்கவில்லை. நாளைக்கே போகலாம் என்றார். ஆனால் இன்று மதியப் பந்தியில் மோர் ஊற்ற வேண்டும். ஒவ்வொருவரும் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும்.

முதல் இலையிலேயே மோர் வெளியே சிந்தியது. இரண்டாவதிலும். திருமேனிக்கு முகம் எரிந்தது. வாளியை வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்றிருந்தது.

அம்மைக்குப் பதில் சொல்ல வேண்டுமே. குனிந்து பார்த்தார்.

ஒருவர் கறிவேப்பிலையைப் பொறுக்கி இலையோரத்தில் வரிசையாக அடுக்கியிருந்தார். ஓர் அம்மாள் அப்பளத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். மோர் என்றதும் ஒருவர் குழந்தைபோல் உள்ளங்கையைக் குவித்தார்.

அடுத்த இலை. அதற்கடுத்த இலை.

பந்தி முடிந்ததும் அம்மையிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில் குரல் தாழ்ந்தது.

"தூணோரத்தில் ஒரு பெரியவர் அம்மா. வாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவேயில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வெகுநாளாயிற்றாம்."

சொல்லிவிட்டுத் திருமேனியே கேட்டார்:

"பாவம், அவருக்கு எந்த ஊர்? நேற்று வந்தவரா?"

"நீங்கள் இங்கே வந்த நாளிலிருந்து உங்கள் பக்கத்து அறையில் இருப்பவர்" என்றார் அம்மை.