தூணுக்குள் ஒரு குழாய்

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி கட்டப் போகிறார்கள். மனையில் ஒரு செங்கல்கூட வந்து இறங்கவில்லை. அதற்குள் வழக்கு வந்துவிட்டது. தீர்ப்பு உங்கள் கையில்.

கட்டடம் இப்போதைக்குக் கம்ப்யூட்டரில்தான் நிற்கிறது. தூண்களை வரைபவர் ஜெபசிங். குழாய்களை வரைபவர் ஷம்சுதீன். அவரவர் ஆபீசில் வரைந்து, மாலையில் கட்டடத்தின் பொது மாதிரியில் ஏற்றுவார்கள். ஒருவர் வரைந்ததில் மற்றவர் கை வைக்க முடியாது. இரண்டும் இடித்துக்கொண்டால் அந்த இடம் சிவப்பாகத் தெரியும். அதைப் பார்த்துச் சொல்லிச் சரிசெய்ய வைப்பது நாச்சம்மையின் வேலை. யார் மனமும் கோணாமல் காரியம் முடிப்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று லிஃப்டை ஒட்டிச் சிவப்பு தெரிந்தது. ஒரு குழாய் தூணுக்குள்ளேயே இறங்கியது. மேற்கே லிஃப்ட் இருப்பதால், யார் நகர்ந்தாலும் கிழக்கேதான் நகர முடியும். ஒருவராவது இறங்கி வரட்டும் என்று அவள் இருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டாள்.

"சார், நீங்க பெரிய மனசு பண்ணி ஓரடி தள்ளிக்கிட்டா முடிஞ்சிரும்."

இருவருமே மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். அவளுக்கு ஏக சந்தோஷம்.

மறுநாள் பார்த்தால் குழாய் தூணுக்குள்ளேயேதான் இருந்தது. சிவப்பு மட்டும் லிஃப்டை விட்டுச் சற்று விலகித் தெரிந்தது. எரிச்சலில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

"நேத்தே தள்ளிட்டேனேம்மா" என்றார் ஜெபசிங்.

"சத்தியமா நகர்த்தியாச்சு மேடம்" என்றார் ஷம்சுதீன்.

விஷயம் ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரரான டாக்டர் வேதவல்லி வரை போனது. அவருக்குப் பொய் என்றாலே ஆகாது. "ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றாங்க. யாருன்னு சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க. அவரை அனுப்பிட்டு வேற ஆள் பார்ப்போம்" என்றார்.

இருவருமே நல்ல மனிதர்கள். நாச்சம்மை வாயிலிருந்து வரும் ஒரு பெயர், ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடும்.

நீங்களே சொல்லுங்கள்: பொய் சொன்னவர் யார்? அவள் யார் பெயரைச் சொல்ல வேண்டும்?

விடை: யாரும் பொய் சொல்லவில்லை. தூண் கிழக்கே ஓரடி நகர்ந்தது, குழாயும் கிழக்கே ஓரடி நகர்ந்தது, சிவப்பும் கூடவே போனது. சந்தில் எதிரெதிரே வருகிறவர்கள் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வதில்லையா, அப்படித்தான். நாச்சம்மை தன் பெயரையே சொன்னாள். "ரெண்டு பேரையும் ஒதுங்கச் சொன்னது நான்தான் டாக்டர்." வேதவல்லி வாய்விட்டுச் சிரித்தார், யாரையும் அனுப்பவில்லை. விஷயம் தெரிந்ததும் ஜெபசிங்கும் ஷம்சுதீனும் அவளைத் தனித்தனியாக அழைத்து, "பரவாயில்ல, நானே பழைய இடத்துக்குப் போயிடறேன்" என்றார்கள். நாச்சம்மை பதறிப்போய் இருவரையும் ஒரே போனில் சேர்த்துப் பிடித்தாள்.