கெம்பியின் மூச்சு

“இந்த மெஷினை நம்பவே முடியாது, ஜெசிந்தா,” என்றார் டாக்டர் கிரிதரன்.

மருத்துவத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆனால் மூளையில் ஓடும் ரத்தத்தின் வேகத்தை ஸ்கேனில் அளக்கக் கற்க வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கற்றுத்தரும் டெக்னீஷியன் ஜெசிந்தாவுக்கு அவர் வயதில் பாதி.

“என்ன ஆச்சு சார்?”

“கெம்பின்னு அந்த ஆறு வயசுப் பொண்ணு. திங்கக்கிழமை நீங்க பார்த்தப்போ இருநூத்தி எட்டு. இன்னிக்கு நான் பார்த்தா நூத்தி அறுபத்தி நாலு. ரெண்டுல ஒண்ணு பொய்தானே?”

கெம்பிக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் கோளாறு. வேகம் இருநூறைத் தாண்டினால் மூளையில் அடைப்பு வந்து கை கால் விழுந்துவிடலாம். அதைத் தடுக்க மாதாமாதம் ரத்தம் ஏற்றியாக வேண்டும்.

“அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“பயமில்ல, ஊருக்குப் போங்கன்னுட்டேன். பஸ்ஸுக்கு நிக்கிறாங்க.”

ஜெசிந்தா நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தவரின் நெற்றிப்பொட்டில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தாள்.

வுஷ்... வுஷ்... வுஷ்...

தன் தலைக்குள் ஓடும் ரத்தத்தை அவர் முதல்முறையாகக் கேட்டார். ஐம்பத்திரண்டு வருடமாக ஒரு நொடி ஓயாமல் ஓடுகிறது. ஒருநாள்கூட அவர் அதை ஏனென்று கேட்டதில்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

“மூச்சைப் பிடிங்க சார்.”

பிடித்தார். திரையில் ஐம்பத்தெட்டு, அறுபத்தேழு, எண்பது என்று ஏறியது.

“இப்போ வேகவேகமா விடுங்க.”

எண் மளமளவென்று இறங்கி நாற்பதில் நின்றது. ஜெசிந்தாவின் கை அசையவே இல்லை.

“அதே தலை, அதே மெஷின். இதுல எது சார் பொய்?”

கிரிதரன் சட்டென்று நிமிர்ந்தார்.

“காலையில அவ ஊசின்னு நினைச்சு அழுதா. விக்கி விக்கி, வேகவேகமா மூச்சு விட்டுக்கிட்டு...”

முடிக்கவில்லை. பொட்டில் ஜெல் வழிய வெளியே ஓடினார்.

கெம்பியோடு பஸ் படியில் கால் வைத்திருந்த அவள் அப்பாவைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தார். பயந்துபோன கெம்பி மறுபடி ஓவென்று அழுதாள்.

ஜெசிந்தா கருவியை நீட்டினாள். கிரிதரன் வாங்கவில்லை.

“இத விட்டா சாயங்காலந்தாங்க பஸ்ஸு. சட்டுனு அளந்துருங்க டாக்டரய்யா,” என்றார் அப்பா.

“அவ அழுகை அடங்கி மூச்சு சீராகட்டுமுங்க.”

கெம்பியின் கட்டிலருகே கிரிதரன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வெளியே பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கெம்பி அவர் காதோரம் வழியும் ஜெல்லையே பார்த்தாள். விக்கல் குறைந்தது. பிறகு நின்றது.

அவர் எழுந்து கருவியை வாங்கினார்.

வுஷ்... வுஷ்...

இருநூற்றுப் பத்து.

கிரிதரன் திரும்பிப் பார்த்தார்.

“ஜெசிந்தா, பிள்ளைக்கு ரத்தம் வேணும்.”