மூலையில் ஒரு சின்னக் கட்டம்

"கண்ணு எரியுது அம்மா," என்றார் மணிவாசகம். அலுவலகம் முடிந்து நேரே மடத்துக்கு வந்திருந்தார். நிற்கத் தெம்பில்லாமல் தரையில் உட்கார்ந்தார்.

மடத்தை நடத்தும் ஞானாம்பிகை அவரைவிடப் பத்து வயது இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. கண்ணுல ஒண்ணும் இல்லையாம். கம்ப்யூட்டரோட நீல வெளிச்சத்தைத் தடுக்குற கண்ணாடி போட்டேன். மூணு மாத்திட்டேன்."

"மூணா? மூக்கு ஒண்ணுதானே இருக்கு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பக்கத்து சீட்டுக்காரருக்கு எரியுதா?"

"இல்ல."

"அவர் பாக்குறதும் அதே இன்சூரன்ஸ் வேலைதானே?"

"அதேதான்."

"உங்க திரையில வேற என்ன இருக்கு ஐயா?"

மணிவாசகம் கண்ணாடியைத் தூக்கி ஒரு கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"மூலையில ஒரு சின்னக் கட்டம். மன்னார்குடி வீடு. அப்பா படுத்த படுக்கையா இருக்கார். பாத்துக்க ஆள் போட்டிருக்கேன். இருந்தாலும் மனசு கேக்கல. கேமரா வெச்சிருக்கேன். வேலை செய்றப்போ ஒரு கண்ணு அதுலயேதான்."

"எப்போ போனீங்க?"

"தினமும் பாக்குறேனே."

ஞானாம்பிகை ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"போன தையில போனேன்," என்றார் மணிவாசகம். "லீவு கிடைக்கல."

"காட்டுங்க."

அவர் செல்போனை எடுத்து நீட்டினார். கட்டிலில் ஒரு கிழவர். முகம் இந்தப் பக்கம்.

"நேரா நம்மளையே பாக்குறாரே."

"எப்போ திறந்தாலும் இப்படித்தான். முகம் தெரியும். அது ஒரு நிம்மதி."

ஞானாம்பிகை ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். எட்டி, மணிவாசகத்தின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். மடித்து அவர் கையிலேயே வைத்தார்.

"இதை அப்பாவுக்குப் போட்டுவிடுங்க."

"அவருக்கு எதுக்கு? அவர் எந்தத் திரையையும் பாக்குறதில்லையே. டிவிகூட வேணாம்னுட்டார்."

"கேமராவுல விளக்கு எரியுமா?"

"பொட்டளவுக்கு எரியும். நான் பாக்குறப்போ மட்டும். மூடினா அணைஞ்சிடும்."

"என்ன நிறம்?"

"நீல..."

ஞானாம்பிகை மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

செல்போனில் அப்பா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூடுவதற்காக நீண்ட மணிவாசகத்தின் விரல் பாதியிலேயே நின்றது.