எலுமிச்சைப் புழுவுக்குக் காவல் இருந்த தையு

ஒரு ஊர்ல ஒரு பால்வாடியாம். அந்தப் பால்வாடியில பதினாலு புள்ளைங்களாம். மத்தியானம் சோறு தின்னுட்டுப் பாயில சாய்ஞ்சா பதிமூணு புள்ளைங்க தூங்கிடுமாம், ஒண்ணு மட்டும் தூங்காதாம். அந்த ஒண்ணோட கதைதான் இது. நீ "ம்" கொட்டிக்கிட்டே கேக்கணும். கொட்டலைன்னா கதை அங்கயே நின்னுடும், அப்புறம் பெரியம்மாவைக் குத்தம் சொல்லக் கூடாது.

ம்.

அந்தப் புள்ளை பேரு தையல்நாயகி. அவ்வளவு நீளத்துக்கு யாரு கூப்பிடுறது? தையு, தையுன்னுதான் கூப்பிடுவாங்க. வயசு நாலு. வீட்டுல அவளும் அவ அம்மாவும் மட்டுந்தான், வேற யாரும் கிடையாது. அம்மாவுக்குத் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை கிடைச்சுது. தையுவை அவ சித்தி வீட்டுல விட்டுட்டு ஒரு நாள் விடியக்காலையில, முத பஸ்ஸுக்கு அம்மா கிளம்பிட்டா. அப்போ தையு நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தா. எழுப்புனா அழும், எழுப்பாதேன்னு சித்தி சொல்லிட்டா. பூனை மாதிரி நடந்து வெளிய வந்து, கதவை மெதுவாச் சாத்திட்டு அம்மா போயிட்டா.

தையு எந்திரிச்சுப் பாத்தா, பக்கத்துல பாய் மட்டும் கிடக்கு. அன்னைக்கு முடிவு பண்ணிட்டா அந்தப் புள்ளை. தூங்குனா ஆளுங்க போயிடுவாங்க, அதனால தூங்கக் கூடாதுன்னு. ராத்திரி அவளை அறியாம கண்ணு சொருகிடும், பாவம். ஆனா பகல்ல ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கும். சொன்னாக் கேக்கற ரகமா? நீ எப்படியோ அப்படித்தான் அவளும்.

ம்.

அந்தப் பால்வாடி டீச்சர் பேரு ஜெசிந்தா. சமைச்சுப் போடுற ஆயா பேரு ரெங்கம்மா. ஒரு நாள் டீச்சர் வந்து, இந்த வாரம் பூரா நமக்குப் பூச்சிப் பாடம்னு சொன்னாங்க. வாரம்னு சொல்லி ஆரம்பிச்சது ஒரு மாசம் ஓடிச்சு, அது வேற விஷயம்.

மொத நாள் எறும்பு. எல்லாரும் குப்புறப் படுத்துக்கங்கன்னாங்க டீச்சர். வாசல் ஓரத்துல ஒரு சிட்டிகை பொட்டுக்கடலை மாவைப் போட்டாங்க. சர சர சரன்னு எறும்பு வரிசை வந்துச்சு. ஒண்ணோட ஒண்ணு மீசையத் தொட்டுத் தொட்டு என்னமோ பேசிக்கிச்சு. அப்புறம் புள்ளைங்களும் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் புடிச்சுக்கிட்டு, அடுப்படியைச் சுத்தி வரிசையாப் போனாங்க. ஒரு உருளைக்கிழங்கை நாலு பேராத் தூக்கிக்கிட்டுப் போய் ஆயாகிட்ட குடுத்தாங்க.

ரெண்டாம் நாள் களிமண்ணு. தலை ஒரு உருண்டை, நெஞ்சு ஒரு உருண்டை, வயிறு ஒரு உருண்டை. நெஞ்சுல இந்தப் பக்கம் மூணு ஈக்குச்சி, அந்தப் பக்கம் மூணு ஈக்குச்சி. ஆறு கால் இருந்தாத்தான் பூச்சி. கபிலன்னு ஒரு பையன் எட்டுக் கால் குத்திட்டான். இது சிலந்தி தம்பி, இது நம்ம கூட்டத்துல சேராதுன்னாங்க டீச்சர். சேராட்டி பரவால்ல, அது தனியா இருக்கட்டும்னு அவன் அதைத் தூக்கி சன்னல்ல வச்சான். இத்தனை ஈக்குச்சியும் ஆயாவோட புதுத் துடைப்பத்துல இருந்து உருவுனது. ஆயா சாயங்காலம் வரைக்கும் யாரோடயும் பேசல.

மூணாம் நாள் கட்டைவிரல்ல பீட்ரூட் சாறைத் தொட்டுத் தாள்ல பொட்டுப் பொட்டுன்னு வச்சு, கரிக்கட்டையில புள்ளி குத்தி, பொறிவண்டு பண்ணுனாங்க. வண்டு தாள்ல கொஞ்சம், சட்டையில நெறைய.

ம்.

அப்புறம் நாலாம் நாள், தையு ஒரு இலையைக் கையில புடிச்சுக்கிட்டு வந்தா. சித்தி வீட்டுக் கொல்லையில எலுமிச்சை மரம் இருக்கு, அதுல பறிச்சது. இலை மேல என்னமோ கருப்பும் வெள்ளையுமா ஒட்டியிருந்துச்சு. ஆயா பாத்தாங்க, காக்கா எச்சம்னு நெனச்சு ஈரத்துணியை எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. தையு இலையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. அப்போ அந்த எச்சம் மெதுவா ஒரு அடி நகந்துச்சு.

அது எச்சமே இல்ல, புழு. காக்கா குருவி திங்காம இருக்கணும்னு அப்படி வேஷம் போட்டுக்கிட்டு இருக்கு. என்ன சாமர்த்தியம் பாரு.

டீச்சர் ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலைக் கழுவித் தொடச்சு, உள்ள ஒரு குச்சியை நட்டு, புழுவை அதுல விட்டு, வாயை வலைத்துணியால கட்டுனாங்க. புள்ளைங்க அதுக்குக் குண்டுன்னு பேரு வச்சாங்க. காலையில டீச்சர் பேரு கூப்பிடுறப்ப கடைசியாக் குண்டுன்னு கூப்பிடணும், பதினாலு பேரும் சேந்து உள்ளேன் டீச்சர்னு சொல்லணும். தினம் தையுதான் எலுமிச்சை இலை கொண்டு வருவா. குண்டு இலை விளிம்புல உக்காந்து கறுக் முறுக், கறுக் முறுக்குன்னு திங்கும். தின்னு தின்னு எச்ச வேஷத்தைக் கழட்டிப் போட்டுட்டு, பச்சைப் பசேல்னு ஆயிடுச்சு. தொட்டா நெத்தியில இருந்து ஆரஞ்சுக் கொம்பு ஒண்ணு பளிச்சுன்னு நீட்டும், ஒரு வாடை அடிக்கும் பாரு, கபிலன் மூக்கைப் புடிச்சுக்கிட்டு வாசலுக்கே ஓடிட்டான்.

டீச்சர் தினம் ஒரு நூலை அது பக்கத்துல வச்சு அளந்து, வெட்டிச் சொவத்துல ஒட்டுவாங்க. இன்னைக்கு நூல் நேத்து நூலைவிட நீளம். மாசாமாசம் புள்ளைங்க எடையை அட்டையில எழுதுறாங்கல்ல, அந்த மாதிரிதான். ஆயாவுக்கு அதுல ஒரே சந்தோசம். என் கையில வளர்ற எதுவும் இளைக்காதுன்னு சொல்லிக்கிட்டாங்க.

ம்.

அப்போ ஒரு நாள் டீச்சருக்கு மீட்டிங். காலையிலயே கிளம்பிப் போயிட்டாங்க. அன்னைக்குப் பாத்து, குண்டு திங்கல. இலை போட்டது போட்டபடி கிடக்கு. ஆயா பாட்டிலைத் தூக்கித் தூக்கிப் பாத்தாங்க. இருவது வருசமாப் புள்ளைங்களுக்கு ஊட்டுன கை அது. திங்காத புள்ளைன்னா சீக்குப் புள்ளைன்னுதான் அந்தம்மாவுக்குத் தெரியும். புழுவுக்கும் அதே சட்டந்தான்.

மொதல்ல தையுவைக் கொழுந்தாப் பாத்துப் பறிச்சாரச் சொல்லி, தண்ணி தெளிச்சு வச்சாங்க. குண்டு திங்கல. அப்புறம், அன்னைக்குச் சோத்தோட முட்டை போடுற நாளு, மஞ்சக்கருவை உதுத்து ஒரு துணுக்கு வச்சாங்க. அது திரும்பிக்கூடப் பாக்கல. பாட்டில்ல மேலயும் கீழயும், மேலயும் கீழயும் நடந்துக்கிட்டே இருந்துச்சு. இருடா, உனக்குச் சத்துமாவுதான் சரின்னு சொல்லிட்டு ஆயா அடுப்படிக்குப் போனாங்க.

மத்தியானம் ஆச்சு. சோறாச்சு. பதிமூணு புள்ளைங்களும் பாயில விழுந்து, கொர்ர்ர், புஸ்ஸ், கொர்ர்ர், புஸ்ஸுன்னு தூங்கிடுச்சுங்க. மேல ஃபேன் லொடக் லொடக்குன்னு சுத்துது. தையு மட்டும் பாட்டிலைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா.

குண்டு நடக்கறதை நிறுத்திடுச்சு. குச்சியில தலை மேல இருக்கற மாதிரி ஒட்டிக்கிச்சு. அப்புறம் தலையை இந்தப் பக்கம் ஆட்டுச்சு, அந்தப் பக்கம் ஆட்டுச்சு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். தையு உத்துப் பாத்தா. ஆட்ட ஆட்ட வாயில இருந்து ஒரு இழை வருது. அவ்வளவு மெல்லிசு, வெளிச்சம் பட்டாத்தான் தெரியுது. அந்த இழையைத் தன் இடுப்பைச் சுத்திக் குச்சியோட கட்டி, கீழ விழாம இருக்கத் தூளி மாதிரி பண்ணிக்கிச்சு. அது கட்டக் கட்ட, ஃபேன் காத்துல தையுவுக்குத் தானே ஆடுற மாதிரி இருந்துச்சு.

ம்...

அப்போ ஆயா வந்தாங்க. விரல் நுனியில சத்துமாவு. வலைத்துணியை அவுத்தாங்க. ரெண்டு விரலால குண்டுவைக் குச்சியில இருந்து பிச்சு எடுக்கப் போனாங்க. பிச்சிருந்தா இழை அறுந்திருக்கும். இழை அறுந்தா குண்டு கதை அங்கயே முடிஞ்சிருக்கும்.

தையு எந்திரிச்சு ஆயா கையைப் புடிச்சுக்கிட்டா. "ஆயா, வேணாம். அதுக்குச் சீக்கு இல்ல. அது படுக்குது."

ஆயா குனிஞ்சு, கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பாத்தாங்க. இழை தெரிஞ்சுது. அப்புறம் வலைத்துணியை முன்ன மாதிரியே கட்டிட்டு, விரல்ல இருந்த சத்துமாவைத் தையு வாயில வச்சுட்டாங்க. வீணாக்க மனசு வருமா அந்தம்மாவுக்கு?

மறுநாள் பாத்தா, குண்டு தோலை உரிச்சுப் போட்டுட்டு, இலை மடிச்ச மாதிரி ஒரு கூடா ஆயிடுச்சு. வாயும் இல்ல, காலும் இல்ல. இது தூங்குது, பத்து நாளு ஆகலாம், அப்புறம் ரெக்கை முளைச்சு வெளிய வரும்னாங்க டீச்சர். எல்லாப் புள்ளைங்களும் கையை மடக்கி, துண்டைப் போத்திக்கிட்டு, கூடு மாதிரி சுருண்டு படுத்து விளையாடுச்சுங்க. விளையாட்டுலயே ரெண்டு பேரு தூங்கிட்டாங்க.

தையு போத்திக்கல. அவளுக்கு வேற பயம். தான் தூங்குனா, அந்த நேரம் பாத்து குண்டு போயிடும். அம்மா போன மாதிரி.

அதனால காவலுக்கு உக்காந்தா. ஒரு நாளா ரெண்டு நாளா, எட்டு நாளு உக்காந்தா. ஒன்பதாம் நாள் கூடு கருத்துப் போச்சு. உள்ள ரெக்கைப் புள்ளி வெளிய தெரிய ஆரம்பிச்சுடுச்சு. இன்னைக்கோ நாளைக்கோன்னாங்க டீச்சர். அன்னைக்கு மத்தியானம் பாத்துத் தூக்கம் வந்து அவளை அமுக்குது. தொடையைக் கிள்ளிக்கிட்டா, நறுக். கொஞ்ச நேரம் முழிச்சிருந்தா. அப்புறம் குழாயடிக்குப் போய் மூஞ்சியில தண்ணி அடிச்சுக்கிட்டா, சளப் சளப். இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் சொவத்துல முதுகைச் சாச்சு நிமிந்து உக்காந்தா. தலை அதுபாட்டுக்கு முன்னாடி முன்னாடி விழுது, டொம்முனு.

ஜெசிந்தா டீச்சர் பதிவேடு எழுதுறதை நிறுத்திட்டு அவ பக்கத்துல வந்து தரையில உக்காந்தாங்க. ஏன்டா தங்கம் இந்தப் பாடுன்னு கேட்டாங்க. தையு சொன்னா, தூங்குனா அது போயிடும்.

டீச்சருக்கு அவ அம்மா எப்படிப் போனான்னு தெரியும். அவ தலையைத் தடவிச் சொன்னாங்க: "நான் முழிச்சிருக்கேன், தையு. அது வெளிய வந்தா உன்னை எழுப்புவேன். எழுப்பாம அதைப் போக விடமாட்டேன்."

தையு டீச்சர் மூஞ்சியைப் பாத்தா. "நிசமா எழுப்புவீங்களா?"

"நிசமா."

அவ்வளவுதான். டீச்சர் மடியில தலையை வச்சா. ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு, மூணாவது மூச்சுல தூங்கிட்டா. எத்தனை மாசத்துத் தூக்கம்! ஆயா அடுப்படியில பாத்திரத்தைக் கூட சத்தம் இல்லாம வச்சாங்க.

ம்...

பதினாலு புள்ளைங்களும் தூங்குறப்ப, சொய்ங்னு ஒரு சத்தமும் இல்லாம, கூடு விரிஞ்சுது. கசங்குன துணி மாதிரி ஒண்ணு வெளிய வந்து குச்சியில தொத்திக்கிச்சு. ஈர ரெக்கை. மெதுவா, மெதுவா விரிஞ்சுது. கருப்புல எலுமிச்சம்பழ மஞ்சள் திட்டு, கீழ ஓரத்துல செவப்பா ஒரு பொட்டு. டீச்சருக்குக் கால் மரத்துப் போச்சு, ஆனா அசையல. ரெக்கை காயற வரைக்கும் புள்ளை தூங்கட்டும்னு விட்டுட்டு, காஞ்சதும் குனிஞ்சு, தையு, தையு, எந்திரின்னு எழுப்புனாங்க.

தையு கண்ணைத் தொறந்தா. டீச்சர் இருக்காங்க. குண்டு இருக்கு. டீச்சர் வலைத்துணியை அவுத்ததும் விரலை நீட்டுனா, அது ஏறி உக்காந்துச்சு. ஆறு கால், ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிப் பாத்தா. சன்னல்கிட்ட கொண்டு போனா. ரெக்கையை ரெண்டு தடவை மூடித் தொறந்துச்சு. அப்புறம் வேப்ப மரத்துப் பக்கமாப் பறந்து போச்சு. தையு அது கண்ணுக்கு மறையற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னா. அழல. போறதைக் கண்ணால பாத்துட்டாள்ல.

அந்த வாரக் கடைசியில அம்மா லீவுல வந்தா. ரெண்டு நாளு இருந்தா. திங்கக்கிழமை முத பஸ்ஸுக்குக் கிளம்பணும். ஞாயித்துக்கிழமை ராத்திரி படுக்கறப்ப தையு அம்மா தாடையைப் புடிச்சுத் திருப்பி வச்சுக்கிட்டுச் சொன்னா:

"அம்மா, போறப்ப என்னை எழுப்பு."

"எழுப்புனா அழுவியேடி."

"அழுதுட்டு மறுபடி தூங்கிக்கிறேன்."

அம்மா அவளை இறுக்கி அணைச்சுக்கிட்டுப் படுத்தா. விடிஞ்சும் விடியாத நேரத்துல, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, குனிஞ்சு எழுப்புனா. தையு அழுதா. நல்லாவே அழுதா. அம்மாவும் அழுதா. பஸ்ஸு பாம் பாம்னு வந்துச்சு. தையு வாசப்படியில நின்னு, பஸ்ஸு வளைவுல திரும்பற வரைக்கும் கையாட்டுனா. அப்புறம் உள்ள வந்து, அம்மா படுத்திருந்த பாயில சூடு ஆறுறதுக்குள்ள சுருண்டு படுத்து, சொன்ன மாதிரியே தூங்கிட்டா.

ம் சத்தத்தைக் காணோம்... சரி. பூச்சி மரத்துக்குப் போச்சு, பஸ்ஸு ஊருக்குப் போச்சு, கதை இத்தோட கண்ணை மூடிக்கிச்சு. நீயும் மூடிக்கோ கண்ணு.