கருமணலுக்குள் ஒரு சூடு

அந்தக் காலத்தில், மண்ணும் காக்கையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாளில், தெற்குக் கடற்கரை மணலெல்லாம் வெள்ளை வெளேரென்றுதான் கிடந்தது. அந்தக் கரையில் பூமயில் என்று ஒருத்தி இருந்தாள். பொல்லாத சிக்கனக்காரி. விறகே வைக்காமல் ஊதி ஊதியே சோறு பொங்கிவிடுவாள் என்று ஊரே கேலி செய்யும்.

கடலுக்குப் போன ஆண்கள் திரும்பும் நேரத்தில் அவரவர் பெண்டாட்டி கரையில் தேங்காய்ச் சிரட்டைத் தீ மூட்டி நிற்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் பாறைகளுக்கு நடுவே வழி பிடிப்பார்கள். ஒருத்தியின் தீயை இன்னொருத்தி மூட்டக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

ஆடி மாதத்தில் ஓர் அந்தி. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எல்லாக் கட்டுமரங்களும் கரையேறிவிட்டன. பூமயிலின் புருஷன் நல்லமாடன் மட்டும் வரவில்லை. அவள் தீ மூட்டி நின்றாள். தூறல் விழுந்தது. வீட்டில் வேறு சிரட்டை இல்லை, இது அணைந்தால் அவ்வளவுதான்.

“மண்ணே, எனக்க தீய ஒனக்க மடியில கொஞ்சம் வச்சிரு,” என்றாள்.

“வைக்கேன். ஆனா தீயிண்ணா எரிஞ்சு தீரத்தானே செய்யும்?” என்றது மணல்.

“ஒரேயடியாத் தீத்துராத. பாதியச் செலவழி, பாதிய வையி. மிச்சத்திலயும் பாதியத்தான் தொடணும். எனக்க வீட்டுக்காரரு, அவிய கையில தவிர யாருக்கும் குடுக்காத.”

மணல் சம்மதித்தது. அவள் கங்குகளை அள்ளிப் புதைத்து மூடினாள். பட்ட இடமெல்லாம் மணல் கறுத்துப்போயிற்று.

பெருமழை வரும் என்றுதான் பயந்தாள். வந்தது தூறல்தான். கொஞ்ச நேரத்தில் அதுவும் விட்டது. ஓடிப்போய்த் தோண்டினாள். கையில் சூடு பட்டது, வெளிச்சம் ஒரு பொட்டுகூட இல்லை.

“தீயத் தா. அவிய வழி தெரியாம நிப்பாவ.”

“அவரு கையில தவிர யாருக்கும் குடுக்காதண்ணு நீதான சொன்ன, மக்ளே. வாக்குக் குடுத்துட்டேனே,” என்றது மணல்.

அப்போது கடற்காக்கை ஒன்று நனைந்த சிறகோடு வந்து இறங்கியது. அவள் முகத்தைப் பார்க்க அதற்குத் தைரியம் வரவில்லை.

“பாறைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் வந்துட்டாரு. ஒனக்க தீயத் தேடிச் சுத்திச் சுத்தி வந்தாரு. கரையில ஒண்ணும் தெரியல. அலை தூக்கிப் பாறையில அடிச்சிட்டுது,” என்றது.

பூமயில் அந்தக் கறுத்த மணலில் குப்புற விழுந்து அழுதாள். தன் சிக்கனமே தன் ஆளைக் கொன்றுவிட்டது என்ற நினைப்பு அவளை உயிரோடு தின்றது. யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அழுதபடியே அங்கேயே அவள் உயிர் போனது. வாக்கிலிருந்து விடுவிக்க மணலுக்கும் ஆள் இல்லாமல் போயிற்று.

அந்த அந்தியிலிருந்துதான் தெற்குக் கரையின் கருமணல், கண்ணுக்குத் தெரியாத சூடொன்றைப் பாதி செலவழித்து, மிச்சத்திலும் பாதியை மிச்சம் பிடித்து, இனி வராத ஒரு கைக்காகப் பொத்தி வைத்திருக்கிறது.