செப்புத்தகடு ஓய்ந்த நாள்

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓர் ஏரிக்குக் கரை கட்டும் வேலை நடந்தது. அங்கே அத்திமரத்தில் ஒரு செப்புத்தகடு தொங்கியது. அது ஒலித்துக்கொண்டிருக்கும்வரை யாரும் மண்கூடையை இறக்கக் கூடாது. சூரியனும் ஒலி ஓயட்டும் என்று மேற்கே பனையுச்சியில் காத்து நிற்கும்.

தகட்டைச் சுத்தியலால் அடிப்பது கன்னான் குருவியின் வேலை. அப்போது அதற்கு உடம்பெல்லாம் பச்சைதான். வேலியில் உட்கார்ந்திருக்கும் கங்காணி ஓணான் தலையாட்டினால்தான் அடியை நிறுத்தலாம். ஓணான் லேசில் தலையாட்டாது.

அன்று சித்திரை வெயில். நிறைசூல் கழுதை ஒன்று மரத்தடியில் நின்று, மேலே குருவியைப் பார்த்து மூச்சு வாங்கியது.

"இன்னும் எத்தனை நடை, அண்ணே?"

"கங்காணி தலையத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன், தங்கச்சி."

"அது அசையறதுக்குள்ள என் உசிரு போயிரும்."

ஒவ்வோர் அடியும் கழுதையின் முதுகில் விழுவதாகவே குருவிக்குப் பட்டது. நிறுத்தினால் அந்தத் தகட்டையே காய்ச்சி நெஞ்சில் வைப்பார்கள். நிறுத்தாவிட்டால்? கழுதையின் முன்னங்கால் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. இன்னும் பத்து அடி, இன்னும் ஐந்து என்று தனக்குள் சொல்லிக்கொண்டே குருவி வேலியையும் கழுதையையும் மாறி மாறிப் பார்த்தது.

கழுதை மண்டியிட்டது. குருவி சுத்தியலைக் கீழே போட்டுவிட்டது.

"யாருடா நிறுத்தச் சொன்னது?" என்றது ஓணான்.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் நிறுத்தினேன்."

காய்ச்சிய தகடு அதன் நெஞ்சிலும் நெற்றியிலும் பதிந்தது. பிறகு ஓணான் தானே தகட்டை மறுபடி மரத்தில் மாட்டி அடிக்கத் தொடங்கியது. மண்கூடை சுமந்து வந்த எருமை காதை நிமிர்த்திக் கேட்டது.

"இது நம்ம ஆளு அடி இல்லையே" என்று கூடையைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தது. எறும்புகளும் இறக்கின. கொக்குகளும் இறக்கின. ஓணானுக்கு அடித்து அடித்துக் கை ஓய்ந்தது. சூரியன் சற்றுத் தயங்கி, மெல்ல இறங்கியது.

"தங்கச்சிக்கு என்ன ஆச்சு?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டது குருவி.

"குட்டி எந்திரிச்சு நிக்குது, அண்ணே" என்றது கழுதை.

ஒரு நாளை மூன்றாக்கி, ஒரு பங்கு வேலைக்கு, ஒரு பங்கு தூக்கத்துக்கு, ஒரு பங்கு நமக்கு என்று அங்கேயே பேசி முடிவாயிற்று. வடக்கே திரும்பிக்கொண்டிருந்த வாலாட்டிக் குருவிகள் சேதியை நாடு நாடாகக் கொண்டுபோயின.

அன்று முதல்தான், வருஷத்தில் அந்த ஒரு நாள் உழைக்கிறவர்கள் எங்கும் சுமையை இறக்கி, நெஞ்சில் சிவப்பைக் குத்திக்கொள்கிறார்கள். நெஞ்சும் நெற்றியும் சிவந்த கன்னான் குருவியோ பகலெல்லாம் டொக் டொக்கென்று அடித்துவிட்டுப் பொழுது சாயுமுன் தானே நிறுத்திவிடுகிறது, ஆனால் அடிக்கு அடி தலையைத் திருப்பி வேலியை ஒரு பார்வை பார்க்காமல் இருப்பதில்லை.